சுக்கு தேடினால் சீக்காய் வருகிறதா? செயலிக்குள் முழு உரைத் தேடல் வைப்பது பற்றி

கேள்வி இதுதான்: "மதுரை தெற்குமாசி வீதியில் அப்பாவின் மளிகை மொத்தக் கடை. பில் போடும் சாஃப்ட்வேரை நானே எழுதியிருக்கிறேன், டேட்டா எல்லாம் எஸ்கியூலைட்டில் இருக்கிறது. சுமார் 20 ஆயிரம் பொருள்கள். பெயர்கள் பெரும்பாலும் தமிழில், கொஞ்சம் ஆங்கிலத்தில். லைக் போட்டுத் தேடுகிறேன், சரியாக வருவதில்லை. எலாஸ்டிக்சர்ச் வை என்கிறார்கள். ஏதாவது ஒரு தேடல் லைப்ரரியே போதுமா? எதை எடுப்பது?"

தம்பி, நேராகவே சொல்லிவிடுகிறேன். எலாஸ்டிக்சர்ச் என்ற தனித் தேடல் சர்வர் வேண்டாம். உங்கள் டேட்டாபேஸான எஸ்கியூலைட்டுக்குள்ளேயே எஃப்டிஎஸ்5 என்ற முழு உரைத் தேடல் இருக்கிறது. 20 ஆயிரம் பொருளுக்கு அது தாராளம். ஆனால் வாங்கி வந்த கையோடு அப்படியே போட்டால் தமிழுக்கு அது தப்பாகத்தான் தேடும். எந்த லைப்ரரி என்பது சின்ன முடிவு. அந்த லைப்ரரி ஒரு தமிழ்ச் சொல்லை எப்படித் துண்டு போடுகிறது என்பதை நீங்கள் கண்ணால் பார்த்தீர்களா என்பதுதான் பெரிய விஷயம். அதற்கே இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

லைக் என்பது, அடித்த எழுத்துத் துண்டு பெயரில் எங்காவது இருக்கிறதா என்று பார்க்கும் டேட்டாபேஸ் கட்டளை. முதலில் அது ஏன் போதவில்லை என்று பார்ப்போம். வேகம் உங்களுக்குப் பிரச்சினையாக இருக்காது. சொல்லுக்கு முன்னும் பின்னும் சதவீதக் குறி போட்டால் சாதாரண இன்டெக்ஸ் உதவாது, ஒவ்வொரு வரியாகப் படித்துத்தான் ஆக வேண்டும். ஆனால் 20 ஆயிரம் வரி இன்றைய கம்ப்யூட்டருக்கு ஒன்றுமே இல்லை. பிரச்சினை வேறு. "தூள் மிளகாய்" என்று அடித்தால் "மிளகாய்த் தூள்" வராது, வரிசை மாறிவிட்டது. "பால்" என்று அடித்தால் "கோபால்" பிராண்டு சாமான் எல்லாம் வரும். வந்தவற்றில் எது முதலில் நிற்க வேண்டும் என்பதற்கு லைக்கிடம் பதிலே கிடையாது.

முழு உரைத் தேடல் இதைத் தலைகீழாகச் செய்கிறது. பெரிய உரைநூல்களின் கடைசியில் சொல்லடைவு என்று ஒரு பகுதி இருக்கும். புதுநத்தம் சாலையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போனால், சங்க இலக்கியப் பதிப்பு ஒன்றை எடுத்துக் கடைசிப் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். ஒவ்வொரு சொல்லும் அகர வரிசையில், எதிரே அது வரும் பாட்டு எண், வரி எண். முழு நூலையும் படிக்காமல் சொல்லை எடுத்து நேரே இடத்துக்குப் போய்விடலாம். தேடல் லைப்ரரி இன்டெக்ஸ் என்று உள்ளே வைத்திருப்பதும் இதே சொல்லடைவுதான். இரண்டு சொல் கொடுத்தால் இரண்டின் பட்டியலையும் எடுத்து, இரண்டிலும் இருப்பதைத் தருகிறது. வரிசை மாறினாலும் கவலை இல்லை.

லைப்ரரியா சர்வரா என்பதையும் இங்கேயே முடித்துவிடுவோம். லைப்ரரி உங்கள் செயலிக்குள்ளேயே ஓடும், இன்டெக்ஸ் பக்கத்தில் ஒரு ஃபைலாக இருக்கும். டக் கட்டிங் 1999-ல் ஜாவாவில் எழுதிய லூசீன் இந்த வகையில் மூத்தது. சோலரும் எலாஸ்டிக்சர்ச்சும் அந்த லூசீனைச் சுற்றிக் கட்டிய சர்வர்கள். பல செயலிகள் ஒரே தேடலைக் கேட்கும்போது, ஒரு மிஷினில் இன்டெக்ஸ் அடங்காதபோது, சர்வர் அவசியம். ஒரு கடை, இரண்டு மூன்று பில் கவுண்டர் என்றால் அது இன்னொரு பராமரிப்புச் சுமை. கரண்ட் போய் வந்ததும் சர்வர் எழுந்ததா என்று பார்க்க உங்கள் அப்பாவால் முடியாது. ஜாவாவில் எழுதுபவர் லூசீன் எடுக்கலாம், ரஸ்டில் டான்டிவி, கோ மொழியில் ப்ளீவ், சி பிளஸ் பிளஸ்ஸில் ஸேபியன். உங்களிடம் ஏற்கெனவே எஸ்கியூலைட் இருப்பதால் எஃப்டிஎஸ்5.

சரி, இனி நான் பட்ட பாடு.

கீழமாசி வீதியில் தெரிந்தவர் ஒருவரின் நாட்டு மருந்துக் கடைக்கு இதே எஃப்டிஎஸ்5 வைத்து ஒரு தேடல் செய்துகொடுத்தேன். சுமார் 4,000 பொருள். என் கம்ப்யூட்டரில் பத்துப் பதினைந்து பெயர் அடித்துப் பார்த்தேன், எல்லாம் வந்தது. கடையில் போட்ட முதல் நாள் மாலை அண்ணாச்சி போன் செய்தார். "தம்பி, சுக்குன்னு அடிச்சா சீக்காய்த் தூளும் கூடவே வருது. நடுவுல கோணிச் சாக்கு வேற வருது. வந்து பாருங்க." போய்ப் பார்த்தேன். சுக்கு வந்திருந்தது, அதோடு சீக்காயும் சாக்கும்.

எனக்கு முதலில் புரியவில்லை. கண்டுபிடிக்க உதவியது ஒரு சின்ன விஷயம். தேடிய சொல்லைத் தடித்த எழுத்தில் காட்டும்படி வைத்திருந்தேன். "சுக்கு" என்பதில் "சுக்க" வரைக்கும்தான் தடித்திருந்தது. கடைசி உகரக் குறி மட்டும் தனியே கழன்று, ஒரு புள்ளி வட்டத்தின் மேல் தொங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் உறைத்தது. அந்தக் குறியை லைப்ரரி எழுத்தாகவே எண்ணவில்லை.

யூனிகோடில் "மதுரை" மூன்று எழுத்து இல்லை, ஐந்து குறியீடு: ம, த, உகரக் குறி, ர, ஐகாரக் குறி. இதில் ம, த, ர மூன்றும் "எழுத்து" என்ற வகையில் வருகின்றன. உயிர்க்குறிகளும் புள்ளியும் "மார்க்" என்ற வேறு வகை. உரையைச் சொல் சொல்லாக வெட்டும் பகுதிக்கு டோக்கனைசர் என்று பெயர். எஃப்டிஎஸ்5 இயல்பாக எடுத்துக்கொள்ளும் டோக்கனைசர் யூனிகோடு61. அது எழுத்தையும் எண்ணையும்தான் சொல்லின் பகுதியாகப் பார்க்கும், மற்றதெல்லாம் அதற்கு இடைவெளி மாதிரி. ஆகவே "மதுரை" அதற்கு "மத", "ர" என்ற இரண்டு சொல். "சுக்கு" என்பது ச, க, க என்று மூன்று சொல். "சாக்கு" அதே ச, க, க. "சீக்காய்" என்பது ச, க, க, ய. தேடும்போது ச, க, க மூன்றும் அடுத்தடுத்து வரும் இடத்தை அது தேடுகிறது. சுக்கு, சாக்கு, சீக்காய் எல்லாம் அகப்பட்டுவிட்டன. உங்கள் மளிகைக் கடையில் "கிலோ" என்று அடித்தால் "கூலி"யும் "காலி"யும் "கோலி"யும் வரும், ஏனென்றால் எல்லாமே அதற்கு க, ல தான்.

இதில் மோசம் என்னவென்றால், சரியான விடையும் கூடவே வந்துவிடுகிறது. அதனால் சோதனையில் தெரியாது. நான் சோதித்த பதினைந்து பெயரில் எதற்கும் இப்படி ஒரு இரட்டை இல்லை. 4,000 பெயர் இருக்கும் இடத்தில் இருந்தது.

இதைச் சரிசெய்ய இரண்டு வழி. எஃப்டிஎஸ்5-ல் ஆஸ்கி என்று இன்னொரு டோக்கனைசர் உண்டு. பெயர் ஆங்கிலத்துக்கு மட்டும் என்பதுபோல இருந்தாலும், ஆங்கில எழுத்துக்கு வெளியே உள்ள எல்லாக் குறியீட்டையும் அது சொல்லின் பகுதியாகவே வைத்துக்கொள்ளும். தமிழ்ச் சொல் உடையாது. ஆனால் வளைந்த மேற்கோள் குறி, நீளக் கோடு எல்லாம்கூட சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் நான் இரண்டாவது வழியையே சொல்வேன்: யூனிகோடு61-ஐயே வைத்துக்கொண்டு, அதன் கேட்டகரீஸ் என்ற ஆப்ஷனில் ஏற்கெனவே உள்ள வகைகளோடு எம்என், எம்சி என்ற இரண்டு மார்க் வகைகளையும் சேர்த்துக்கொடுங்கள். ஒரு வரி மாற்றம். அதன்பின் சுக்கு சுக்காகவே நிற்கும்.

மற்ற லைப்ரரி எடுத்தால் தப்பிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். ஜாவாஸ்கிரிப்டில் லனர் என்ற லைப்ரரி, சொல்லின் இரு ஓரத்திலும் ஆங்கில எழுத்தும் எண்ணும் அல்லாததை எல்லாம் சீவிவிடும். முழுத் தமிழ்ச் சொல்லைக் கொடுத்தால் கையில் ஒன்றுமே மிஞ்சாது. அதற்குத் தமிழ்த் துணைத்தொகுப்பு தனியாக இருக்கிறது, அதைச் சேர்க்க வேண்டும். பைதானின் ரெகுலர் எக்ஸ்பிரஷனில் "சொல்லெழுத்து" என்பதற்கான குறி, தமிழ் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் ஏற்காது. அதை நம்பி நீங்களே டோக்கனைசர் எழுதினால் மறுபடியும் சுக்கும் சாக்கும்தான். லூசீனின் ஸ்டாண்டர்ட் டோக்கனைசர் யூனிகோடின் சொல் எல்லை விதிப்படி நடப்பதால் இந்தச் சிக்கல் அதில் இல்லை.

எதை எடுத்தாலும் முதல் வேலை ஒன்றே. இன்டெக்ஸில் என்ன சொற்கள் உட்கார்ந்திருக்கின்றன என்று திறந்து பாருங்கள். எஃப்டிஎஸ்5-க்கு எஃப்டிஎஸ்5வோகாப் என்ற டேபிள் உண்டு, அது இன்டெக்ஸில் உள்ள ஒவ்வொரு சொல்லையும் காட்டும். லூசீனுக்கு லூக் என்ற கருவி. ஒற்றை மெய்யெழுத்துகளாக வரிசையில் நின்றால் உடனே தெரிந்துவிடும்.

சொல் உடையாமல் நின்ற பிறகுதான் தமிழின் உண்மையான வேலை ஆரம்பம். இங்கே எனக்கு உதவியது பள்ளிக்கூடத்து இலக்கணம்.

"சுக்குத் தூள்" என்று எழுதியிருக்கும் பெயரை இன்டெக்ஸ் செய்தால் உள்ளே போவது "சுக்குத்" என்ற சொல். "சுக்கு" என்று தேடுபவருக்கு அது கிடைக்காது. ஒற்று மிகுந்துவிட்டது. ஆனால் தமிழ்ச் சொல் எதுவும் வல்லின மெய்யில் முடியாது. ஆகவே ஒரு சொல்லின் கடைசியில் க், ச், த், ப் இருந்தால் அது அடுத்த சொல்லுக்காக வந்த ஒற்று, எடுத்துவிடலாம். சோப், கிளிப் மாதிரி வந்தேறிய சொற்களில் ப் போய்விடுமே என்று கேட்பீர்கள். போகட்டும். இன்டெக்ஸிலும் "சோ", தேடும் சொல்லிலும் "சோ" என்றால் இரண்டும் சந்தித்துவிடும். இங்கே ஒரு விதியை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: பெயரை உள்ளே வைக்கும்போது என்ன செய்கிறீர்களோ, தேடும் சொல்லுக்கும் அதையே செய்ய வேண்டும். ஒரே ஃபங்ஷன், இரண்டு இடத்திலும் அழைப்பு. ஒரு தடவை நான் இந்த விதியைத் தேடும் பக்கம் மட்டும் மாற்றிவிட்டு இன்டெக்ஸைத் திரும்பக் கட்டாமல் விட்டேன். காலை வியாபார நேரம் முழுக்கக் கடையில் பாதிப் பெயர் கிடைக்கவில்லை.

அடுத்தது புள்ளி. தட்டத் தட்டப் பட்டியல் வர வேண்டும் என்று எல்லாரும் கேட்பார்கள், அதற்கு முன்னொட்டுத் தேடல் இருக்கிறது, சொல்லுக்குப் பின்னால் நட்சத்திரக் குறி போட்டால் போதும். ஆனால் ஒலிப்பு முறைக் கீபோர்டில் "மிளகு" அடிக்கும் விரலைக் கவனியுங்கள். கடைசி உகரம் அடிக்கும் முன் திரையில் இருப்பது "மிளக்". அந்தப் புள்ளியும் ஒரு குறியீடு. "மிளகு" என்ற சொல் "மிளக்" என்று தொடங்கவில்லை. ஆகவே பட்டியல் வந்து, ஒரு கணம் காலியாகி, மறுபடி வரும். கண்ணுக்கு எரிச்சலாக இருக்கும். இதே காரணத்தால், விவரக் குறிப்பில் "இருமலுக்கு நல்லது" என்று எழுதியிருந்தால் "இருமல்" என்ற முன்னொட்டு அதைப் பிடிக்காது, ல் என்பது லு ஆகிவிட்டது. மருந்து எளிது: நட்சத்திரம் போடும் முன் கடைசிப் புள்ளியை எடுத்துவிடுங்கள். சொல் நீளமாக இருந்தால் கடைசி உகரக் குறியையும் எடுக்கலாம், "சுக்கை", "சுக்கில்" எல்லாம் வரும். இரண்டெழுத்துச் சொல்லுக்கு இதைச் செய்யாதீர்கள். "கல்" என்பது "கல" ஆகி, கலவை, கலப்பு, கலர் என்று கடையே வந்து நிற்கும்.

சொல்லின் வேரைக் கண்டுபிடிக்கும் ஸ்டெம்மர் பற்றிச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்துக்கு மார்ட்டின் போர்ட்டர் 1980-ல் வெளியிட்ட முறை புகழ் பெற்றது. அவரே தொடங்கிய ஸ்நோபால் தொகுப்பில் இப்போது தமிழும் இருக்கிறது. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் 12-ஆம் பதிப்பிலிருந்து அதைச் சேர்த்துக்கொண்டது, லூசீனின் புதிய பதிப்புகளிலும் தமிழ் அனலைசர் வந்துவிட்டது. செய்தி, கடிதம், புகார் மாதிரி ஓடும் உரைக்கு இது வேண்டும். "மரம்" என்று தேடுபவருக்கு "மரத்தை" கிடைக்க முன்னொட்டு உதவாது. ஆனால் பொருள் பெயரில் வேற்றுமை உருபு எங்கே வருகிறது? பெயர்கள் எழுவாயாகவே நிற்கின்றன. மளிகைப் பட்டியலுக்கு ஸ்டெம்மர் போட்டால் வெட்டக் கூடாததை வெட்டும். வேண்டாம் என்பதே என் கருத்து.

அதைவிடப் பெரிய தலைவலி சேர்த்து எழுதுவதும் பிரித்து எழுதுவதும். மல்லிகைப்பூ, மல்லிகைப் பூ, மல்லிகை பூ. மூன்றும் ஒரே கடையின் ஒரே பட்டியலில் இருக்கும், எழுதிய கை மூன்று. மல்லிகை என்று தேடினால் முன்னொட்டு மூன்றையும் பிடித்துவிடும். "தூள்" என்று தேடினால் "சுக்குத்தூள்" வராது. இதற்கு ட்ரைகிராம் டோக்கனைசர் இருக்கிறது, சொல்லை மூன்று மூன்று குறியீடாக வெட்டி வைப்பது. தமிழில் மூன்று குறியீடு என்பது சில நேரம் ஒன்றரை எழுத்து, அதனால் குப்பை நிறைய வரும். நான் செய்தது வேறு. கடைப் பட்டியலை எடுத்துக் கூட்டுச்சொற்களின் வால்களை எண்ணினேன். தூள், பொடி, வேர், பட்டை, எண்ணெய், பூ, காய், கொட்டை, விதை, இலை... இருபதுக்குள் அடங்கிவிட்டது. ஒரு சொல் இவற்றில் ஒன்றில் முடிந்தால் முழுச் சொல்லையும் வைத்து, பிரித்த இரண்டு துண்டையும் கூடவே வைத்துவிட்டேன். "பூ", "காய்" மாதிரி குட்டி வாலுக்கு மட்டும் முன்னால் ஒற்று இருந்தால்தான் பிரிப்பது. உங்கள் மளிகைக்கு வால்கள் வேறாக இருக்கும்: பருப்பு, அரிசி, மாவு, ரவை, எண்ணெய், வத்தல். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் முடிந்துவிடும்.

எழுத்துருக் கணக்கையும் ஒரு மூச்சில் சொல்லிவிடுகிறேன். "கொட்டை"யில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, கம்ப்யூட்டருக்கு இரண்டு. என்எஃப்சி என்ற யூனிகோடு ஒழுங்கு இதைச் சேர்த்துவிடும், பெரும்பாலான நிரல் மொழிகளில் அதற்கு ஃபங்ஷன் இருக்கிறது. "ஔடதம்" என்பதை ஒகரத்தோடு ளகரம் சேர்த்து "ஒளடதம்" என்று அடித்திருப்பார்கள், அதை என்எஃப்சி தொடாது, நீங்கள்தான் மாற்ற வேண்டும். "ஸ்ரீ"யும் அப்படியே, இரண்டு விதமாக உள்ளே இருக்கும். காப்பி செய்து ஒட்டிய பெயர்களில் கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறிகள் வரும், அவற்றை நீக்குங்கள். அப்பாவின் பழைய எக்செல் பட்டியல் பாமினி, வானவில் மாதிரி எழுத்துருவில் இருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும். அந்த எழுத்துருவைக் கழற்றினால் அடியில் இருப்பது வெறும் ஆங்கில எழுத்துக் குவியல்தான்.

இப்போது ஆட்கள் எப்படித் தேடுகிறார்கள் என்ற பக்கம். "கீழாநெல்லி"யைக் கடைப் பையன் "கீலாநெல்லி" என்று அடிப்பான், இன்னொருவர் "கீளாநெல்லி". நம் ஊரில் காதில் விழுவதுதான் கையில் வரும். இதற்கு டேபிளில் இரண்டாவது ஒரு நெடுக்குப் பத்தி வைத்துக்கொள்ளுங்கள். அதில் ல, ள, ழ மூன்றையும் ஒன்றாக்கி, ர, ற இரண்டையும் ஒன்றாக்கி, ந, ன, ண மூன்றையும் ஒன்றாக்கி, "ற்ற" என்பதைப் பேச்சு வழக்குப்படி "த்த" ஆக்கி எழுதி வையுங்கள். சரியான எழுத்து உள்ள முதல் பத்திக்கு மதிப்பு அதிகம், இந்தப் பத்திக்குக் குறைவு. கிடைத்தவற்றை வரிசைப்படுத்த மதிப்பெண் போடும் எஃப்டிஎஸ்5-ன் பிஎம்25 ஃபங்ஷனுக்கு ஒவ்வொரு பத்திக்கும் எவ்வளவு எடை என்று எண்ணாகவே கொடுக்கலாம். அப்போது புளி தேடினால் புளி முதலில் நிற்கும், புலி மார்க் தீப்பெட்டி கடைசியில் போய் நிற்கும். ஒன்று கவனம்: அந்த ஃபங்ஷன் தரும் மதிப்பு எதிர்மறை எண். சிறியதே சிறந்தது. தலைகீழாக வரிசைப்படுத்திவிடாதீர்கள்.

எழுத்துப்பிழையைத் தானாகத் திருத்தும் ஃபஸ்ஸி தேடல் பற்றி என் கருத்து கொஞ்சம் கடுமையானது. காரணம் இருக்கிறது. தேற்றாங்கொட்டை என்று ஒன்று, கலங்கிய தண்ணீரைத் தெளிய வைக்கப் பானையில் உரசுவார்கள். சேராங்கொட்டை என்று இன்னொன்று, சுத்தி செய்யாமல் தொட்டாலே தோல் கொப்பளித்துவிடும். ஒரு பெண் தேற்றாங்கொட்டை வாங்க வந்தார், காதில் விழுந்தபடி கவுண்டர் பையன் "தேராங்கொட்டை" என்று அடித்தான். ஃபஸ்ஸி தேடல் எத்தனை குறியீடு மாற்றினால் இன்னொரு சொல் வரும் என்று எண்ணும். லூசீனில் அதிகபட்சம் இரண்டு. "தேராங்கொட்டை"யிலிருந்து தேற்றாங்கொட்டைக்கு மூன்று மாற்றம்: ர போய் ற, அப்புறம் ஒரு புள்ளி, இன்னொரு ற. சேராங்கொட்டைக்கோ ஒரே ஒரு மாற்றம், த போய் ச. அதாவது திருத்தி உதவ வேண்டிய தேடல் சரியானதைக் காட்டாமல் விஷமுள்ளதை மட்டும் காட்டும். நல்லவேளையாக எஃப்டிஎஸ்5-ல் ஃபஸ்ஸி இயல்பாகக் கிடையாது, காலிப் பட்டியல்தான் வந்தது, அண்ணாச்சி எழுந்து போய் எடுத்துக்கொடுத்தார். அன்றிலிருந்து சாப்பிடும் பொருள் இருக்கும் எந்தப் பட்டியலிலும் நான் பிழையைச் சத்தமில்லாமல் திருத்துவதில்லை. "இதைத் தேடினீர்களா?" என்று கேட்டு, ஆள் தொட்ட பிறகே காட்டுகிறேன்.

ஒரே பொருளுக்குப் பல பெயர் என்பது கடைசியாக வருவது, ஆனால் கடைக்காரருக்கு அதிகம் பிடிப்பது இதுதான். வசம்பை எங்கள் பக்கம் பிள்ளை வளர்ப்பான் என்பார்கள், விளக்கு வைத்த பிறகு பெயரைச் சொல்ல மாட்டார்கள், "பேர் சொல்லாதது" கொடுங்கள் என்பார்கள். இதை எந்த லைப்ரரியும் அறியாது. உங்கள் கடையில் பொரிகடலை, வெளியூர் ஆள் கேட்டால் பொட்டுக்கடலை. சோம்பு என்றாலும் பெருஞ்சீரகம் என்றாலும் ஒன்றே. சீனிக்குச் சர்க்கரை என்று இணைச்சொல் போடும் முன் அப்பாவிடம் கேளுங்கள். நம் பக்கத்துப் பெரியவர்கள் சர்க்கரை என்றால் நாட்டுச்சர்க்கரையைத்தான் நினைப்பார்கள். இணைச்சொல்லுக்குத் திசையும் உண்டு. திரிபலா என்று தேடினால் கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய் மூன்றையும் காட்டலாம். கடுக்காய் தேடுபவரிடம் திரிபலா டப்பாவை முதலில் நீட்டக் கூடாது.

தங்கிலீஷில் அடிப்பவர்களுக்கும் இதே அட்டவணைதான். ஒலிபெயர்ப்பு விதி எழுதப் பார்த்தேன். திப்பிலிக்கு ஒருவர் டி மட்டும் போடுகிறார், ஒருவர் டிஹெச் போடுகிறார், மிளகுக்கு ளகரத்தை எப்படி அடிப்பது என்று யாருக்கும் ஒரே வழக்கம் இல்லை. அடிக்கடி விற்கும் ஐந்நூறு பொருளுக்கு ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று வடிவம் கையால் எழுதி, தனிப் பத்தியில் வைத்துவிட்டேன். விதியைவிட அது நன்றாக ஓடுகிறது.

வரிசைப்படுத்துவதில் பிஎம்25 என்ன செய்கிறது என்று சுருக்கமாக: அரிய சொல்லுக்கு அதிக மதிப்பு, எங்கும் கிடக்கும் சொல்லுக்குக் குறைவு, நீளமான உரைக்குக் கொஞ்சம் கழிவு. அரிய சொல்லுக்கு எடை என்ற யோசனையை 1972-ல் எழுதியவர் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் என்ற அம்மையார். "சித்தரத்தைப் பொடி" என்று தேடினால் பொடி நூற்றுக்கணக்கில் இருப்பதால் அதற்கு மதிப்பில்லை, சித்தரத்தைதான் முடிவு செய்யும். ஆனால் இரண்டு மூன்று சொல் மட்டும் உள்ள பொருள் பெயர்களில் எல்லாம் ஏறக்குறைய ஒரே மதிப்பெண்ணில் வந்து நிற்கும். அங்கே கடைசி மூன்று மாத விற்பனை எண்ணிக்கையை வைத்து வரிசைப்படுத்துங்கள். கவுண்டரில் நிற்பவருக்கு அதுதான் சரி என்று படும்.

பராமரிப்பில் ஒன்று மட்டும். இன்டெக்ஸ் என்பது நகல், மூலம் உங்கள் பொருள் டேபிள். பெயர் மாறினாலும் அழிந்தாலும் இன்டெக்ஸுக்குச் சொல்ல ட்ரிக்கர் (டேபிள் மாறியதும் தானாக ஓடும் கட்டளை) எழுதுங்கள், முழுவதையும் திரும்பக் கட்ட ஒரு பட்டன் வையுங்கள். 20 ஆயிரம் பெயருக்கு அது கண் இமைக்கும் வேலை. விதியில் ஒரு எழுத்தை மாற்றினாலும் அந்தப் பட்டனை அழுத்துங்கள். பின்னால் நீண்ட உரையிலும் தேடல் வைக்கத் தோன்றினால், 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஸ்டெம்மரைச் சோதிக்க அதைவிட நல்ல தமிழ்க் குவியல் இல்லை.

இந்த வாரம் செய்ய வேண்டியது இவ்வளவுதான். கவுண்டரில் ஒரு நோட்டு வையுங்கள். வருபவர்கள் கேட்பதை, கேட்ட வார்த்தையிலேயே, பிழையும் பேச்சும் திருத்தாமல், ஒரு நாளைக்கு ஐம்பது வரி எழுதச் சொல்லுங்கள். எதிரே எந்தப் பொருள் எடுத்துக்கொடுக்கப்பட்டது என்று எழுதுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அந்த நோட்டு முழுவதையும் தேடலில் ஓட்டி, சரியான பொருள் முதல் ஐந்தில் வந்ததா என்று எண்ணுங்கள். டோக்கனைசர் மாற்றிய பிறகு வோகாப் டேபிளில் என்ன நிற்கிறது என்று பார்த்து, ஏதாவது ஒற்றை எழுத்துகள் இன்னும் கிடந்தால் அந்த வரிகளை அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.